கட்டடப் படத்திற் பொருட்கோலம்

கட்டடப் படமொன்றைக் கையிலெடுக்கும் மேசன், அதிலுள்ள சொற்களைப் படிக்குமுன் கோடுகளையே படிக்கிறார். சுவரின் வெட்டுமுகத்திற் சாய்கோடுகள் நெருங்கி நின்றாற் செங்கல். சிறு முக்கோணங்களும் புள்ளிகளும் விரவிக் கிடந்தாற் கொங்கிறீற்று. இவ்வாறு ஒரு பரப்பை நிரப்பி அதன் பொருளை அறிவிக்கும் கோட்டமைதியைப் பொருட்கோலம் எனலாம். கோலம் என்னும் சொல்லை ஈண்டு ஆள்வது அழகு கருதியன்று. முற்றத்துக் கோலத்திற் போலவே, இதிலும் சிறு அலகொன்று குறித்த ஒழுங்கில் மடங்கி மடங்கி வருகின்றது.

படவரைஞர் கையால் வரைந்த காலத்தில் ஒவ்வொரு நாட்டாரும் தத்தம் பொருளுக்கேற்பக் கோடிட்டனர். 1982 ஆம் ஆண்டில் வெளிவந்த ஓட்டோக்காட் முதலிய கணினிச் செயலிகளோ கோலங்களைத் தாமே உடன்கொண்டு வந்தன. அவற்றுட் பல அமெரிக்க நியமத்தைத் தழுவியவை. அச்செயலியில் மிகுதியாக ஆளப்படுவது, 0.125 அங்குல இடைவெளியில் 45 பாகைச் சாய்வாகச் செல்லும் கோடுகளாலானது. இரும்பு, செங்கல், கற்கட்டு ஆகிய மூன்றுக்கும் உரியதென அதன் விளக்கம் கூறும். ஒன்றே மூன்றையும் குறிக்குமாயின், நம்மூர்ச் சீமெந்துக் கல்லை எதனாற் குறிப்பது? கிடுகை எதனாற் குறிப்பது?

புல்மோட்டையை எண்ணிப் பார்ப்போம். திருகோணமலைக்கு வடக்கே, கொக்கிளாய்க் களப்பிற்கு அணித்தாக உள்ள இக்கரையோர ஊரின் கருமணல் உலகறிந்தது. அதனை எடுத்துப் பிரிப்பதற்கென 1957 ஆம் ஆண்டிற் கனிய மணற் கூட்டுத்தாபனம் தோன்றியது. இம்மணலிற் பெரும்பங்கு இல்மனைற்று. உரூத்தைலும் சிர்க்கோனும், சிறிதளவு மொனசைற்றும் உடன் உள. (வெள்ளைப் பூச்சுக்கு நிறமூட்டும் தைத்தேனியம் ஈரொட்சைட்டு இக்கரிய மணலிலிருந்தே பெறப்படுவது ஒரு வியப்பே.) சாதாரண மணலின் தன்னீர்ப்பு 2.65 அளவினது; இல்மனைற்றினதோ 4.7 வரை செல்லும். மொனசைற்று தோரியங் கொண்டது, கதிர்வீசுவது. எனவே அத்திவாரத்தின் நிலவெட்டுமுகப் படத்தில் இவ்விருவகை மணலையும் ஒரே புள்ளிக்கோலத்தால் நிரப்புவது பொருந்தாது. எது வீடு கட்டக் கலக்கும் மணல், எது கனிய மணல் என்பதனைப் படமே சொல்லுதல் வேண்டும்.

புதுக் கோலம் அமைப்பது அரிய வித்தையென்று மாணவர் அஞ்சுவர், அச்சத்திற்கு இடமில்லை. அது வெறும் எழுத்துக்கோப்பு. முதல்வரியில் உடுக்குறியிட்டுக் கோலத்தின் பெயரை எழுதுக. அடுத்து ஒவ்வொரு கோட்டுத் தொகுதிக்கும் ஒவ்வொரு வரி: முதலிற் கோணம், பின் தொடங்கும் புள்ளியின் ஆள்கூறு இரண்டு, பின் அடுத்த கோடு, கோட்டின் வழியே எவ்வளவு நகரும், குறுக்கே எவ்வளவு விலகும் என்னும் அளவு இரண்டு, இறுதியிற் கீறலும் இடைவெளியும். நேர் எண் கீறல், மறை எண் இடைவெளி, பூச்சியம் புள்ளி. சாந்துடன் 400 மில்லிமீற்றர் நீளமும் 200 மில்லிமீற்றர் உயரமுமாக வரும் சீமெந்துக் கற்சுவரின் முகப்புக்கு இரண்டே வரிகள் போதும்:

0, 0,0, 0,200
90, 0,0, 200,200, 200,-200

முதல்வரி கிடைச்சாந்து, இரண்டாவது நிலைச்சாந்து. 200 கீறி 200 விட்டு மேலேறும் அக்கோடு, பக்கத்தே 200 விலகும்போது மேலேயும் 200 நகர்வதால், ஒரு வரியின் மூட்டு அடுத்த வரிக் கல்லின் நடுவே விழுகின்றது. மேசன் மூட்டு மாற்றிக் கட்டுவதும் இதுவேயன்றோ?

கருமணலுக்கும் இவ்வழியே செல்லலாம். அலை அலம்பிய கரையில் அது வெளிறிய மணலினூடே பட்டை பட்டையாகப் படிவது கண்கூடு. ஆதலின் ஒரு மில்லிமீற்றருக்கு ஒன்றாகப் புள்ளியிட்ட மூன்று வரிசைகளை நெருக்கி, பின் சற்று இடம்விட்டு, 4 மில்லிமீற்றருக்கு ஒன்றாக ஐதான வரிசை ஒன்றை இடுக. இந்நான்கும் 6 மில்லிமீற்றருக்கு ஒருமுறை மடங்குக. நெருங்கிய வரிசைகளுள் முதலாவது '0, 0,0, 0.4,6, 0,-1' என்றாகும். ஐதானது '0, 0,3.6, 1.5,6, 0,-4'.

கிடுகின் முடைச்சல் சற்றுக் கடினம். இரு சாய்வுகள் எதிரெதிர் வந்து கூடவேண்டும்.

45, 0,0, 70.7107,70.7107, 70.7107,-70.7107
135, 100,0, 70.7107,70.7107, 70.7107,-70.7107

100 மில்லிமீற்றர்ச் சதுரத்தின் மூலைவிட்டத்திற் பாதி 70.7107. இதனை 70.7 எனச் சுருக்கினால் ஒரு மடிப்பிற் பிழை 0.02 மில்லிமீற்றரே. ஆயினும் கோலம் சுவரின் மூலையிலிருந்தன்றிப் படத்தின் தொடக்கப்புள்ளியிலிருந்தே மடங்கத் தொடங்குகின்றது. நிலஅளவை ஆள்கூறுகளில் வரைந்த படத்தில் அப்புள்ளி மிகத் தொலைவிலிருக்கும். 100 கிலோமீற்றர் தொலைவில் அப்பிழை 15 மீற்றராக வளர்ந்து, இரு சாய்வுகளும் கூடாமற் குலையும். தசமங்களைக் குறைக்காமல் எழுதுவதோடு, கோலத்தின் தொடக்கத்தைச் சுவரின் மூலைக்கு மாற்றிக்கொள்வதும் வேண்டும்.

இனி அளவுத்திட்டம். ரெவிற் என்னும் செயலி கோலங்களை இருவகையாகப் பிரித்துள்ளது நன்று. கல்வரிசை மெய்யளவைச் சார்ந்தது; 1:50 படத்தில் 400 மில்லிமீற்றர்க் கல் 8 மில்லிமீற்றராகத் தோன்றும், 1:200 இல் 2 மில்லிமீற்றராகக் குறுகும். மணற்புள்ளியோ தாளளவைச் சார்ந்தது. எந்த அளவுத்திட்டத்திலும் ஒரே நெருக்கமாய் இருத்தல் வேண்டும், அன்றேல் சிறிய படங்களில் அது கருமைத் திட்டாகும். மெய்யளவுக் கோலத்தை அச்செயலி வெட்டுமுகத்திற்கு ஏற்பதில்லை. முகப்புக்கு ஒன்றும் வெட்டுமுகத்திற்கு ஒன்றுமாக இரண்டு அமைப்பதே வழி. இறக்குமதி செய்யும் கோப்பில் எவ்வகையென்றும் எவ்வலகென்றும் குறிக்கவும் வேண்டும்.

ஓட்டோக்காட்டிற் கோப்பின் பெயரும் கோலத்தின் பெயரும் ஒன்றாயிருத்தல் விதி. இறுதிவரியின்பின் ஒருமுறை வரிமாற்று விசையை அழுத்தாவிடின் அவ்வரி ஏற்கப்படாமற் போவதுண்டு. படத்தைப் பிறருக்கு அனுப்புங்காற் கோலக் கோப்பையும் உடன் அனுப்புக. அஃதில்லாதார் கோலத்தைக் காண்பரேனும் செவ்வனே திருத்த இயலாது. குச்சவெளிப் பிரதேச சபைக்கு உரிய படமாயினும் வேறெங்கு செல்லும் படமாயினும், தாளின் ஒரு மூலையிற் கட்டம் ஒன்று வகுத்து, ஒவ்வொரு கோலத்தின் மாதிரியையும் அதன் பக்கத்தே பொருளின் பெயரைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிவைத்தல் வேண்டும். நாம் புதிதாக ஆக்கிய கோலத்தை முன்பு கண்டவர் எவருமிலர்.