சும்மா சுற்றும் சக்கரமா? சுமை இழுக்கும் சக்கரமா?

பாடி லூகாஸ் ஸ்டாப்பில் பஸ்சுக்கு நிற்கும் எந்த டர்னரையோ, ஃபிட்டரையோ கேட்டுப் பாருங்கள். "கியர் வீலுக்கு நடுவுல கீ வே வெட்டலேன்னா அது ஷாஃப்டு மேல சும்மாத்தான் சுத்தும். வேலைக்கு ஆகாது" என்பார்.

இந்த ஒரு விஷயத்துக்காக உலகம் முழுவதும் கிளை பரப்பிய ஒரு சங்கம் தன் சின்னத்தையே திருத்திக்கொண்டது! அதுதான் ரோட்டரி சங்கம்.

போர்டிலும், அழைப்பிதழிலும், பஸ் நிழற்குடையிலும் அந்தப் பல்சக்கரத்தைப் பார்த்திருப்பீர்கள். 24 பல், 6 ஆரம். 1920-களில் இந்த வடிவத்தை வரைந்தபோது நடுவில் வெறும் வட்டத் துளைதான் இருந்தது. "இது எந்த மெஷினையும் ஓட்டாதே!" என்று ஓர் என்ஜினீயர் குறை சொன்னார். அதன் பிறகுதான் கீ வே சேர்ந்தது.

சின்னத்துக்குக் கீ வே வந்துவிட்டது. சங்கத்துக்கு? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

பாடிக்காரர்களுக்கு இதைக் கேட்க உரிமை உண்டு. திருவலிதாயம் என்று சம்பந்தர் பாடிய பழைய ஊர் இது. 1960-களில் லூகாஸ்-டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா என்று வரிசையாகத் தொழிற்சாலைகள் வந்தன. சக்கரமும் பிரேக்கும் ஸ்டார்ட்டரும் செய்யும் ஊராயிற்று. 2011-ல் அம்பத்தூர் நகராட்சியோடு சேர்ந்து சென்னை மாநகராட்சிக்குள் வந்தது.

கிளப்பா? சீட்டாட்டமா?

"கிளப்புன்னா சீட்டாட்டம்தானே?" என்று கேட்பவர்கள் இன்னும் உண்டு. பாடிப் பக்கம் "சங்கம்" என்றாலோ யூனியன் ஞாபகம்தான் வரும். இது இரண்டும் இல்லை.

1905 பிப்ரவரி 23. அமெரிக்காவில் சிகாகோ நகரம். பால் ஹாரிஸ் என்ற வக்கீலும், ஒரு நிலக்கரி வியாபாரியும், ஒரு சுரங்க என்ஜினீயரும், ஒரு தையல்காரரும் ஓர் அறையில் கூடினார்கள். பெரிய ஊரில் சிநேகிதம் வேண்டும். ஆளுக்கு ஆள் தொழில் உதவியும் வேண்டும். அவ்வளவுதான் நோக்கம். இந்த வாரம் ஒருவர் ஆபீசில், அடுத்த வாரம் இன்னொருவர் ஆபீசில் என்று மாறி மாறிக் கூடியதால் "ரோட்டரி" என்று பெயர் வந்தது.

தனக்கு மட்டும் லாபம் பார்க்கும் கூட்டம் எத்தனை நாள் ஓடும்? 1907-ல் ஊருக்கு ஏதாவது செய்வோம் என்று கிளம்பினார்கள். முதல் சேவை என்ன தெரியுமா? கோயில் இல்லை, சிலை இல்லை, வளைவு இல்லை. பொதுக் கழிப்பிடம்! சிகாகோ நகர மண்டபம் பக்கத்தில் பொதுக் கழிப்பிடம் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்கள். எதிர்ப்பும் வந்தது. விடவில்லை.

கடைத்தெருவில் அவசரத்துக்கு இடம் தேடி அலைந்த பெண்களைக் கேட்டால் தெரியும், அது எவ்வளவு பெரிய சேவை என்று.

இந்தியாவுக்கு இந்தச் சங்கம் 1919-ல் கல்கத்தா வழியாக வந்தது. சென்னையில் 1929-ல் தொடங்கியது.

மணி, மாலை, பொன்னாடை

கூட்டம் எப்படி நடக்கும்? தலைவர் மேஜை மேல் இருக்கும் மணியை அடிப்பார். பேச்சு நிற்கும். செயலாளர் அறிக்கை படிப்பார். பிறந்தநாள், திருமண நாள் வாழ்த்து நடக்கும். பிறகு சிறப்பு விருந்தினர். டாக்டரோ, போலீஸ் அதிகாரியோ, பேராசிரியரோ அரை மணி நேரம் பேசுவார். கேள்வி கேட்கலாம். பொன்னாடை, நினைவுப் பரிசு, நன்றியுரை. மறுபடியும் மணி. அப்புறம் சாப்பாடு.

மறுநாள் பத்திரிகை ஆபீசுக்குப் போட்டோ வந்துவிடும். ஒரு தையல் மெஷின், அதைப் பிடித்தபடி பத்துப் பேர் கை! வாங்கிக்கொள்ளும் அம்மா எங்கே என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

இதோடு முடிந்தால் அது சும்மா சுற்றும் சக்கரம். ஆனால் ஒரே ஒரு சிறப்புரை ஒரு சங்கத்தின் தலையெழுத்தையே மாற்றிய கதையும் உண்டு.

பார்க்காதவர் காட்டிய வழி

1925 ஜூன் 30. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலம், சீடார் பாயின்ட். லயன்ஸ் சங்கத்தின் மாநாடு. மேடை ஏறியவர் ஹெலன் கெல்லர். குழந்தையாக இருந்தபோதே நோயில் கண்ணும் காதும் போனவர். அந்த மேடையில் அவர் தனக்காக எதுவும் கேட்கவில்லை. பார்வை இல்லாதவர்களுக்குத் துணையாக, இருட்டை எதிர்த்துப் போராடும் வீரர்களாக நீங்கள் மாற மாட்டீர்களா என்று கேட்டார்.

கேட்டவர்கள் கைதட்டிவிட்டு சாப்பிடப் போய்விடவில்லை! கண் பணியையே சங்கத்தின் முதல் வேலையாக எடுத்துக்கொண்டார்கள். 1930-களில் அமெரிக்காவில் வெள்ளைப் பிரம்பைப் பரப்பியதில் லயன்ஸ்காரர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. இன்று நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் லயன்ஸ் பேனர் கட்டி இலவசக் கண் பரிசோதனை நடக்கிறது என்றால், அந்த மேடைப் பேச்சின் நூல் இதுவரை நீள்கிறது என்று அர்த்தம்.

இரண்டு சொட்டு

ரோட்டரிக்கு வாய்த்த வேலை போலியோ. 1979-ல் பிலிப்பைன்ஸ் நாட்டில் லட்சக்கணக்கான குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்கும் பணியை ஏற்றது. அங்கே கிடைத்த தைரியத்தில் 1985-ல் உலகம் முழுவதற்கும் இறங்கியது. 12 கோடி டாலர் திரட்டுவோம் என்று கிளம்பியவர்கள், 1988-க்குள் 24 கோடி டாலருக்கு மேல் திரட்டினார்கள். அந்த 1988-ல் உலகில் 125 நாடுகளில் போலியோ இருந்தது. ஆண்டுக்கு மூன்றரை லட்சம் பிள்ளைகள். ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட ஆயிரம் பிள்ளைகளின் கால் விளங்காமல் போயிற்று!

இதில் நம் வேலூருக்கும் பெருமை உண்டு. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் டாக்டர் டி.ஜேக்கப் ஜான் குழுவினர், குறிப்பிட்ட நாட்களில் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே வீச்சில் சொட்டு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். அதன் பலனை 1983-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். 1995 டிசம்பரில் நாடு முழுவதும் சொட்டு மருந்து கொடுத்தபோது நடந்ததும் அதே போல ஒரே நாள் வீச்சுதான்.

பஸ் ஸ்டாண்டு, ரெயில் நிலையம், பள்ளிக்கூடம் என்று எங்கு பார்த்தாலும் முகாம். ஐஸ் பெட்டியோடு நர்ஸ் அம்மா. பக்கத்தில் மஞ்சள் தொப்பி போட்ட ரோட்டரிக்காரர்கள். சொட்டு போட்ட பிள்ளையின் சுண்டு விரலில் மை. மறுநாள் வீடு வீடாகப் போய், சுவரில் சாக்பீசால் குறி போட்டார்கள். இதற்குப் பொன்னாடை கிடையாது.

பலன்? தமிழ்நாட்டில் 2004-க்குப் பிறகு போலியோ இல்லை. 2009-ல் இந்தியாவில் 741 பிள்ளைகள் பாதிக்கப்பட்டார்கள். 2010-ல் 42. 2011 ஜனவரியில் மேற்கு வங்கம் ஹவுராவில் ஒரே ஒரு குழந்தை. அதுதான் கடைசி. 2014 மார்ச் 27-ந் தேதி உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது.

அதற்காக விட்டுவிட முடியாது. பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் இன்னும் கிருமி போகவில்லை. சொட்டு நின்ற இடத்தில் அது திரும்ப வரும்.

பெண்களுக்குக் கதவு

இவ்வளவு நல்லது செய்த சங்கத்துக்குள் பெண்கள் உறுப்பினராக முடியாது என்ற விதி நெடுநாள் இருந்தது. கலிபோர்னியாவில் டுவார்ட்டே என்ற ஊர்க் கிளப் பெண்களைச் சேர்த்தது. அடுத்த ஆண்டே, அதாவது 1978-ல், அந்தக் கிளப்பையே தூக்கி எறிந்தார்கள்! வழக்கு போயிற்று. 1987-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு பெண்கள் பக்கம் தீர்ப்பு சொன்னது. 1989-ல் ரோட்டரி தன் விதியை மாற்றியது. 2022-ல் ஜெனிபர் ஜோன்ஸ் என்ற பெண்மணி உலகத் தலைவராகவே ஆனார்.

நீங்கள் என்ன செய்யலாம்?

"நமக்கு அதெல்லாம் எதுக்கு சார்? அது பணக்காரங்க சமாச்சாரம்" என்று ஒதுங்க வேண்டாம். சங்கத்தில் சேராமலே முகாமுக்குப் போகலாம்.

ரத்த தானம்: வயது 18-க்கு மேல் 65-க்குள், எடை குறைந்தது 45 கிலோ, ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12.5. இருந்தால் போதும். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு தடவை கொடுக்கலாம். ஷிப்டு முடிந்து பசியோடு போகாதீர்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

கண் தானம்: உயிர் பிரிந்த 6 மணி நேரத்துக்குள் கருவிழியை எடுத்தாக வேண்டும். கண் வங்கிக்குத் தகவல் சொல்லிவிட்டு, இறந்தவரின் இமையை மூடுங்கள். மேலே ஈரப் பஞ்சு வையுங்கள். தலைக்கு ஒரு தலையணை கொடுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். கண்ணாடி போட்டவர், சர்க்கரை நோயாளி, கண்புரை ஆபரேஷன் ஆனவர் யாரும் கொடுக்கலாம். முகம் கோரமாகாது. இரண்டு பேருக்குப் பார்வை கிடைக்கும். எழுதி வைத்த கார்டு பெட்டிக்குள் கிடந்து பயனில்லை. வீட்டில் பெண்டாட்டி, பிள்ளைகளிடம் இன்றைக்கே வாய்விட்டுச் சொல்லி வையுங்கள். அந்த நேரத்தில் போன் செய்யப்போவது அவர்கள்தான்.

உங்கள் தெருவில் கூட்டம் போடும் எந்தச் சங்கமானாலும் சரி, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "போன மாசம் விருந்தினர் சொன்னாரே, அதுல எது நடந்துச்சு?"

பதில் வந்தால் அந்தச் சக்கரம் சுமை இழுக்கிறது. நீங்களும் ஒரு கை கொடுங்கள்.