குருதிக் குழாய்களுக்கு வழிகாட்டுவது யாது?

கண்டியைச் சூழ்ந்த மலைத் தோட்டங்களில், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் காலத்திற் கத்தி தவறிக் கைவிரலைப் பதம் பார்த்துவிடுவது உண்டு. வடியும் குருதி சிறிது நேரத்தில் உறைந்து நின்றுவிடும். சில நாட்கள் சென்றபின் காயத்தின் அடியிற் சிவந்த, மணல் மணலான புதுச் சதை எழும். அந்தச் செந்நிறம், புதிதாக முளைத்த எண்ணற்ற மயிர்க்குழாய்களின் நிறமேயாகும். கண்ணும் காதும் இல்லாத நுண்ணிய கலங்கள், வெட்டுண்ட இடம் இதுவென அறிந்து அங்கு வந்து சேர்வது எவ்வாறு?

உடலின் கலம் ஒவ்வொன்றும் ஒட்சிசனை வேண்டி நிற்பது. குருதிக் குழாயிலிருந்து கசியும் ஒட்சிசன் ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கு அல்லது ஐந்தில் ஒரு பங்கு தூரமே செல்லவல்லது. காயத்திற் குழாய்கள் அறுபட்டவுடன், அங்குள்ள கலங்கள் மூச்சு முட்டும் நிலையை அடைகின்றன. ஒட்சிசன் போதிய அளவு உள்ளபோது உடனுக்குடன் அழிக்கப்பட்டுவரும் ஒரு புரதம், இப்பொழுது அழியாது பெருகுகின்றது. அப்புரதத்தின் ஏவலால் அக்கலங்கள் ஓர் இரசாயனப் பொருளை ஆக்கி வெளியே விடுகின்றன. காயத்தைத் துப்புரவு செய்ய வந்த வெண்கலங்களும் அதனை விடுகின்றன. குருதிக்குழாய் வளர்ச்சிக் காரணி என்பது அதன் பெயர். ஒட்சிசன் குறைவைக் கலங்கள் உணரும் முறையை விளக்கியமைக்காக வில்லியம் கேலின், பீற்றர் ராட்கிளிவ், கிரெக் செமென்சா ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டு நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

ஏலக்காய் காயவைத்த வீட்டை அணுக அணுக அதன் மணம் மிகுவது போல, காயத்தை நெருங்க நெருங்க இப்பொருளின் செறிவும் மிகுகின்றது. அண்மையிலுள்ள குழாயின் உட்சுவரில் அடுக்கப்பட்ட கலங்களுள் ஒன்று இதனை முதலில் உணர்ந்து, விரல் போன்ற மெல்லிய இழைகளை நீட்டித் துழாவுகின்றது. எப்பக்கத்திற் செறிவு அதிகமோ அப்பக்கமே அது நகர்கின்றது. எலியின் விழித்திரையில் இக்காட்சியை ஹோல்கர் கெர்ஹார்ட் முதலிய ஆய்வாளர் 2003ஆம் ஆண்டு விளக்கிக் காட்டினர்.

எல்லாக் கலங்களும் இவ்வாறு புறப்பட்டுவிட்டாற் குழாயே குலைந்துவிடுமன்றோ? ஆதலின் முன்செல்லும் கலம், தன்னைத் தொட்டு நிற்கும் கலங்களுக்கு வேறோர் அடையாளத்தைத் தந்து, அவை முந்தாதவாறு தடுக்கின்றது. அவை பின்னே நின்று பெருகிக் குழாயின் உடலாகின்றன. வேறொரு பொருளின் அழைப்பைக் கேட்டு வரும் துணைக்கலங்கள் புதுக்குழாயைத் தழுவி உறுதிப்படுத்துகின்றன. குருதி பாய்ந்து ஒட்சிசன் வந்ததும் அழைப்பு ஓய்கின்றது. வேண்டாத குழாய்கள் மறைய, காயம் ஆறித் தழும்பு வெளிறுகின்றது.

அழைப்பு எழுவது மட்டுமன்று, உரிய வேளையில் ஓய்வதும் நலத்திற்கு இன்றியமையாதது. இவ்வுண்மையின் மறுபக்கமே புற்றுநோய். 1971ஆம் ஆண்டு அமெரிக்க அறுவை வைத்தியர் ஜூடா போல்க்மன் ஒரு கருத்தை வெளியிட்டார். தனக்கெனக் குருதிக் குழாய்களைப் பெறாத புற்றுக்கட்டி ஓரிரு மில்லிமீற்றருக்கு மேல் வளர முடியாது. எனவே அது ஏதோ ஒரு பொருளை விடுத்துக் குழாய்களைத் தன்பால் ஈர்க்கின்றது என்றார் அவர். அன்று பலர் அதனை ஏற்கவில்லை. 1989ஆம் ஆண்டு நப்போலியோன் பெராராவும் அவருடன் பணியாற்றியோரும் அவ்வளர்ச்சிக் காரணியைப் பிரித்தெடுத்தபின் அக்கருத்து வலுப்பெற்றது. காயத்தை ஆற்றும் அதே அழைப்பைப் புற்றும் விடுக்கின்றது. ஆனால் அதன் அழைப்பு ஓய்வதில்லை. புற்றினை ஆறாத காயம் எனல் பொருந்தும்.

கண்டிப் பகுதி மக்களுக்கு இது தொலைவான செய்தியன்று. வாய்ப் புற்றுநோய் இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களுள் ஒன்று. தோட்டப் பகுதிகளில் ஆடவரும் பெண்டிரும் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை ஆகியவற்றைச் சேர்த்து மெல்லுதல் நெடுங்கால வழக்கம். புகையிலை சேராவிடினும் வெற்றிலைக் கூட்டும், ஏன், பாக்குத் தானும் புற்றுநோயை விளைப்பன என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் முடிவு கூறியது.

குழாய்களை அழைக்கும் பொருளைத் தடுக்கும் மருந்து ஒன்று 2004ஆம் ஆண்டு அமெரிக்காவிற் பெருங்குடற் புற்றுக்கு அனுமதிக்கப்பட்டது. அது நோயாளரின் வாழ்நாளைச் சில மாதங்கள் நீட்டியது. தனியே நோயைத் தீர்த்துவிடவில்லை. ஓர் அழைப்பைத் தடுத்தாற் புற்று வேறோர் அழைப்பை விடுக்கும். ஆதலின் நோய் சிறிதாக இருக்கும்போதே கண்டறிவதே இன்றும் சிறந்த வழி.

தொடக்கத்தில் வாய்ப்புண் பெரும்பாலும் நோவதில்லை. நோவில்லாத புண்ணுக்காக ஒரு நாட் கூலியை இழந்து மலையிறங்க யார்தான் முன்வருவர்? ஆபத்து அங்கேதான் இருக்கின்றது. கைவிரற் காயம் நாளுக்கு நாள் ஆறுவதைக் காண்பவர், வாயிலுள்ள புண் மூன்று வாரமாகியும் ஆறவில்லையென்றால் அதன் பொருளை உணர வேண்டும். மாறாத வெள்ளைப் படலம், செந்நிறப் படலம், வாயை அகலத் திறக்க இயலாமை ஆகியனவும் எச்சரிக்கைகளே. பேராதனைப் பல் வைத்தியசாலையிலோ, அண்மையிலுள்ள அரசாங்கப் பல் வைத்தியரிடமோ வாயைக் காட்டுவதற்குச் சில நிமிடங்களே போதும். அழைப்பு ஓயாத புண் எதுவெனக் கண்டு, அது பெருகுமுன் வைத்தியரை நாடுதல் உயிரைக் காக்கும்.