பின்னோக்கிப் படிக்கும் வேதியியல்

பள்ளியிலும் இளநிலைப் பட்டப்படிப்பின் தொடக்க ஆண்டுகளிலும் கரிம வேதியியல் பெரும்பாலும் வினைகளின் பட்டியலாகவே மாணவரிடம் வந்து சேர்கிறது. இன்ன பொருளோடு இன்னதைச் சேர்த்தால் இன்னது விளையும் என்ற முறையில் நூற்றுக்கணக்கான சமன்பாடுகளை நினைவில் நிறுத்துவதே பாடம் என்று தோன்றிவிடுகிறது. முதுநிலை வகுப்பில் கேள்வி தலைகீழாகிறது. அடைய வேண்டிய மூலக்கூறு மட்டும் தாளில் வரையப்பட்டு, அதை எவற்றிலிருந்து, எந்த வரிசையில் உருவாக்கலாம் என்று கேட்கப்படுகிறது. மனப்பாடத்தை நம்பி வந்தவர் திகைத்து நிற்கும் இடம் இது. கரிம வேதியியல் ஒரு சிந்தனை முறையாகத் தொடங்கும் இடமும் இதுவே.

இந்தத் தலைகீழ்ச் சிந்தனையின் வலிமையைக் காட்ட ட்ரோப்பினோனைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. ஊமத்தை போன்ற செடிகளிலிருந்து பெறப்படுவதும் கண் மருத்துவர்கள் பாவையை விரிக்கப் பயன்படுத்துவதுமான அட்ரோப்பினின் அடிப்படைக் கூடு இந்தச் சேர்மத்தில் அமைந்திருக்கிறது: ஏழு கார்பன் அணுக்களாலான ஒரு வளையம், அதன் குறுக்கே பாலம்போல் ஒரு நைட்ரஜன் அணு, அந்த நைட்ரஜனில் ஒரு மெத்தில் தொகுதி, வளையத்தின் மறுபுறம் ஒரு கீட்டோன். ஜெர்மானிய வேதியியலாளர் ரிச்சர்ட் வில்ஸ்டேட்டர் 1901-இல் இதை முதன்முதலாகச் செயற்கை முறையில் உருவாக்கியபோது, ஏழு கார்பன் வளையத்தை முன்னமே கொண்டிருந்த சைக்ளோஹெப்டனோனிலிருந்து புறப்பட்டு, அதன்மேல் நைட்ரஜன் பாலத்தைப் படிப்படியாகக் கட்டினார். வழி நீண்டது, முடிவில் கிடைத்த விளைச்சலோ ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு.

1917-இல் லிவர்பூலில் பணியாற்றிய ராபர்ட் ராபின்சன் அதே மூலக்கூறை வேறு கண்ணால் நோக்கினார். நடுவே ஒரு கோடு கிழித்தால் இரு பாதிகளும் ஒன்றின் நிழல்போல் மற்றொன்று அமைந்திருப்பதையும், பாலம் வளையத்தைத் தொடும் இரண்டு கார்பன் அணுக்களிலும் தலா ஒரு கார்பன்–நைட்ரஜன் பிணைப்பையும் ஒரு கார்பன்–கார்பன் பிணைப்பையும் மனத்தளவில் அறுத்தால் சக்சின்டைஆல்டிஹைடு, மெத்திலமீன், அசிட்டோன் என்ற மூன்று எளிய பொருள்கள் பிரிந்து விழுவதையும் அவர் கண்டார். நான்கு, ஒன்று, மூன்று என அவற்றின் கார்பன் அணுக்களைக் கூட்டினால் ட்ரோப்பினோனின் எட்டும் வந்துவிடுகின்றன.

தாளில் அறுத்ததைக் குடுவையில் ஒட்ட வைப்பது எப்படி என்பதில்தான் வினைவழிமுறை, அதாவது எலக்ட்ரான்கள் எங்கிருந்து எங்கே நகர்கின்றன என்ற விளக்கம், துணைக்கு வருகிறது. அமீன் ஆல்டிஹைடோடு சேர்ந்து நீரை வெளியேற்றும்போது இமினியம் என்ற நேர்மின் அயனி உண்டாகிறது. அது எலக்ட்ரான் குறைந்த கார்பனைக் கொண்டது, ஆகவே எலக்ட்ரான் கவர் பொருள். கீட்டோனின் கார்பனைல் தொகுதிக்கு அடுத்துள்ள கார்பன் ஈனால் வடிவில் எலக்ட்ரான் மிகுந்து, கருக்கவர் பொருளாகச் சென்று அதனோடு பிணைகிறது. இரு முனைகளிலும் இது நிகழ, வளையம் தானே மூடிக்கொள்கிறது. வெறும் அசிட்டோன் இதற்குப் போதிய வேகம் காட்டாது என்பதால், இருபுறமும் கார்பாக்சில் தொகுதி ஏற்றிய அசிட்டோன்டைகார்பாக்சிலிக் அமிலத்தின் உப்பை ராபின்சன் பயன்படுத்தினார். வேலை முடிந்தபின் அத்தொகுதிகள் கார்பன் டைஆக்சைடாக வெளியேறிவிடுகின்றன. கடுமையான வெப்பமோ அமிலமோ இன்றி, நீர்க்கரைசலில், ஒரே பாத்திரத்தில் நிகழும் இந்த மென்மையைக் கண்டே செடிகளும் இத்தகைய பாதையில் அட்ரோப்பின் போன்ற ஆல்கலாய்டுகளை ஆக்கக்கூடும் என்று அவர் கருதினார். செடியின் உண்மையான வழி விவரங்களில் வேறுபட்டது என்று பிற்கால ஆய்வுகள் காட்டியபோதும், அந்தக் கேள்வியை எழுப்பியதே பெரிய சாதனை.

எலக்ட்ரான் இணையின் நகர்வைக் குறிக்க இன்று ஒவ்வொரு மாணவரும் வரையும் வளைந்த அம்புக்குறியும் 1922-இல் கெர்மாக் என்பவருடன் ராபின்சன் வெளியிட்ட கட்டுரையிலிருந்தே வருகிறது. முன்னோக்கிச் செல்லும் அம்பும் பின்னோக்கிப் பார்க்கும் பார்வையும் ஒருவரிடமே சந்தித்தது தற்செயலாகத் தோன்றவில்லை. எலக்ட்ரானின் போக்கை அறியாதவர் எந்தப் பிணைப்பை அறுப்பது என்று தீர்மானிக்க முடியாது.

ராபின்சனுக்கு மின்னலாய்த் தோன்றியதை எவரும் பயிலக்கூடிய முறையாக வகுத்தவர் அமெரிக்கரான எலையஸ் ஜேம்ஸ் கோரி. 1960-களில் ஹார்வர்டில் அவர் உருவாக்கிய இம்முறைக்குப் பின்னோக்குத் தொகுப்புப் பகுப்பாய்வு என்று பெயர். இலக்கிலிருந்து முன்னோடிப் பொருளை நோக்கி இரட்டைக் கோட்டு அம்பு வரையப்படுகிறது, அறுக்கும்போது பிறக்கும் கற்பனைத் துண்டுகள் சின்தான்கள் எனப்படுகின்றன. விதிகளாக வகுக்கப்பட்டதால் கணினிக்கும் இதைக் கற்பிக்க முடிந்தது; அம்முயற்சியைக் கோரியும் விப்கே என்பவரும் 1969-இல் வெளியிட்டனர். 1990-இல் கோரிக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எந்த வழி நல்லது என்பதை எளிய கணக்கு ஒன்றே பெருமளவு தீர்மானிக்கிறது. ஒவ்வொரு படியிலும் 90 விழுக்காடு விளைச்சல் கிடைத்தாலும், ஒன்றன்பின் ஒன்றாக இருபது படிகள் கடந்தபின் எஞ்சுவது ஏறத்தாழ 12 விழுக்காடே. ஆகவே நீண்ட ஒற்றைச் சங்கிலியைவிட, இரண்டு பெரிய துண்டுகளைத் தனித்தனியே ஆக்கி இறுதியில் இணைக்கும் திட்டமே பெரும்பாலும் விரும்பப்படுகிறது.

ஆயினும் தாளில் அழகாக விழும் திட்டத்தைக் குடுவை உடனே ஏற்றுக்கொள்வதில்லை. ராபின்சனின் முதல் முயற்சியில் விளைச்சல் 17 விழுக்காடு மட்டுமே. பின்னர் கரைசலின் அமில–காரத் தன்மை நடுநிலைக்கு அருகில் சீராக வைக்கப்பட்டபோது அது 90 விழுக்காட்டை எட்டியது. அவர் மனத்தில் அறுத்த நான்கு பிணைப்புகளில் ஒன்றைக்கூட அதற்காக மாற்ற நேரவில்லை.