உங்களுக்குத் தெரியுமா? மருத்துவக் கல்லூரிக்கு மாணவர்கள் மார்க் போடலாம்!

சிம்மக்கல்லிலிருந்து ஏ.வி. பாலம் ஏறி வைகையைத் தாண்டினால் கோரிப்பாளையம். பெரியாஸ்பத்திரியும் மதுரை மருத்துவக் கல்லூரியும் அந்தக் கரையில்தான். உள்ளே நுழைய என்ன மார்க் வேண்டும், கட்-ஆஃப் எவ்வளவு என்பது இந்தக் கரையில் டீக்கடை வரை தெரியும். நுழைந்த பிள்ளை அங்கே எப்படிப்பட்ட சூழலில் படிக்கிறது? அதை அளக்கவும் முறை இருக்கிறது.

● 250 பேருக்கு ஒரு வகுப்பு

மதுரை மருத்துவக் கல்லூரி தொடங்கிய ஆண்டு 1954. ஒரு காலத்தில் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று பெயர் பெற்றிருந்த அரசு ராஜாஜி மருத்துவமனைதான் அதன் பயிற்சிக்களம். இப்போது ஆண்டுக்கு 250 எம்.பி.பி.எஸ். இடங்கள். இத்தனை பேர் இருக்கும் வகுப்பில் யார் தடுமாறுகிறார், யார் சாப்பிடாமல் வந்திருக்கிறார் என்று ஆசிரியர் கண்ணால் மட்டும் கண்டுபிடிக்க முடியாது. கேட்டால்தான் தெரியும்.

● முதலில் எண்ணியது கட்டில்களை

1910-இல் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவக் கல்லூரிகளைப் பார்த்து அறிக்கை தந்தார். சேர்க்கைத் தகுதி, ஆய்வகம், ஆசிரியர்கள், நிதி, மருத்துவமனை வசதி என்று ஒவ்வொன்றையும் எடை போட்டார். தரம் குறைந்த பல கல்லூரிகள் பின்னர் மூடப்பட்டன. படிப்பவரின் அனுபவத்தையே அளவையாக்கும் முயற்சிகள் வேரூன்றியது அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகுதான்.

● ஸ்காட்லாந்தில் பிறந்த 50 வாக்கியங்கள்

உலகில் இன்று பரவலாகப் பயன்படும் அளவுகோல் ‘டிரீம்’. டண்டீ பல்கலைக்கழகத்தில் சூ ராஃபும் அவருடைய குழுவினரும் 1997-இல் வெளியிட்டார்கள். பல நாடுகளைச் சேர்ந்த சுமார் 100 மருத்துவக் கல்வியாளர்களிடம் கருத்துக் கேட்டு வடித்தெடுத்தது. மொத்தம் 50 வாக்கியங்கள். ஒவ்வொன்றையும் படித்து, முழுக்க ஒப்புக்கொள்வதிலிருந்து முழுக்க மறுப்பது வரை உள்ள ஐந்து பதில்களில் ஒன்றை மாணவர் குறிக்க வேண்டும். ஒரு வாக்கியத்துக்கு அதிகபட்சம் 4. எல்லாம் கூட்டினால் 200.

● ஐந்து கதவுகள்

கற்பித்தல் எப்படி என்பதற்கு 48 மதிப்பெண். ஆசிரியர்களைப் பற்றி 44. தன் படிப்புத் திறன் மீது மாணவருக்கு உள்ள நம்பிக்கைக்கு 32. வகுப்பிலும் வார்டிலும் நிலவும் சூழலுக்கு 48. நட்பு, தங்குமிடம், தனிமை, மன அழுத்தத்தில் கைகொடுக்க ஆள் உண்டா என்பவை அடங்கிய சமூக வாழ்வுக்கு 28. ஹாஸ்டல் அறையும் படிப்பின் ஒரு பகுதி என்று இந்த அளவுகோல் ஏற்றுக்கொள்கிறது.

● ஒன்பது வாக்கியங்கள் தலைகீழ்

50-இல் 9 வாக்கியங்கள் குறை சொல்பவை. ஆசிரியர் மாணவரைக் கேலி செய்கிறாரா, வகுப்பில் கோபப்படுகிறாரா, காப்பியடிப்பது பெரிய பிரச்சினையா, பாடத்தை ரசிக்க முடியாத அளவுக்குக் களைப்பா, மனப்பாடத்துக்கே அதிக அழுத்தமா என்பன போன்றவை. இவற்றில் ‘முழுக்க ஆமாம்’ என்றால் பூஜ்யம். படிக்காமலே வரிசையாக ஒரே கட்டத்தை டிக் செய்துவிட்டுப் போனவரின் தாளும் இதனால் கண்ணில் பட்டுவிடும்.

● 130 வாங்கினால் பாஸா?

50 வரை மிக மோசம். 51 முதல் 100 வரை பிரச்சினைகள் ஏராளம். 101 முதல் 150 வரை குறையைவிட நிறை கூடுதல். 151-க்கு மேல் மிகச் சிறப்பு. ஆனால் கூட்டுத்தொகையோடு நின்றால் பாதி வேலைதான் முடிந்தது. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் எந்த வரி தாழ்ந்திருக்கிறது என்று மருத்துவர் தேடுவதுபோல, ஒவ்வொரு வாக்கியத்தின் சராசரியையும் பார்க்க வேண்டும். 3.5-ஐத் தொட்டால் அது கல்லூரியின் பலம். 2 அல்லது அதற்குக் கீழே என்றால் உடனே கவனிக்க வேண்டிய இடம்.

● பின்தங்கியவர் பார்வை வேறு

கர்நாடகத்தின் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியில் நடந்து 2004-இல் வெளியான ஆய்வில், நன்றாகத் தேறியவர்கள் தங்கள் கல்லூரிக்குக் கொடுத்த மதிப்பெண் பின்தங்கியவர்கள் கொடுத்ததைவிட அதிகம். ஒரே கட்டடம், ஒரே ஆசிரியர்கள், இரண்டு அனுபவங்கள். வகுப்பின் சராசரியை மட்டும் பார்த்தால் உதவி தேவைப்படுகிற பிள்ளையின் குரல் அதற்குள் அமுங்கிவிடும்.

● வளரும்போதே அளந்தவர்கள்

இலங்கையின் ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழக மருத்துவ பீடம் இன்னும் வளர்ந்துகொண்டிருந்தபோதே ‘டிரீம்’ தாளை மாணவர்களிடம் கொடுத்தது. 2005-இல் வெளியான முடிவு: 200-க்கு 108. அதை அவர்கள் மறைக்கவில்லை. எங்கிருந்து தொடங்குகிறோம் என்பதற்கான அடிக்கல்லாக வைத்துக்கொண்டார்கள். நம் பக்கத்திலும் இதற்குத் தேவை உண்டு. மதுரை எய்ம்ஸுக்குத் தோப்பூரில் அடிக்கல் நாட்டியது 2019 ஜனவரியில். முதல் 50 மாணவர்கள் 2022-இல் வகுப்பைத் தொடங்கியதோ ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி வளாகத்தில். சொந்த வளாகம் இல்லாமல் படிப்பைத் தொடங்கிய பிள்ளைகளின் அனுபவம் எழுத்தில் பதிவாக வேண்டும்.

● தமிழ் வழியில் வந்த பிள்ளைக்கு

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு தரும் தமிழ்நாட்டுச் சட்டம் 2020-இல் வந்தது. கதவு திறந்தது பெரிய காரியம். ஆனால் உள்ளே பாடம் ஆங்கிலத்தில். 2019-இல் நாடு முழுக்கத் தொடங்கிய புதிய பாடத்திட்டம், முதலாண்டின் தொடக்கத்தில் மொழி, கணினிப் பழக்கம் உள்ளிட்ட ஒரு மாத அடித்தளப் பயிற்சியைச் சேர்த்தது. அது உண்மையில் உதவியதா என்று சொல்ல வேண்டியவர் அந்தப் பிள்ளைதான்.

● யாழ்ப்பாணம் காட்டிய வழி

1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மேலை மருத்துவத்தில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைப் பயிற்றுவித்தார். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தமிழிலேயே படித்தவர்கள். அதற்காகவே பாடநூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். மாணவரைப் பாடத்துக்கு ஏற்ப வளைப்பதோடு நிற்காமல், சூழலை மாணவருக்கு ஏற்ப அமைத்த முன்னோடி அவர்.

● ராகிங்குக்கு எதிரான சட்டம்

1996-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டது தமிழகத்தையே உலுக்கியது. 1997-இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுமைக்கும் விதிகள் வகுத்தது. உதவி எண் 1800-180-5522. சட்டம் குற்றத்தைத் தண்டிக்கும். குற்றமாக முற்றுவதற்கு முன்னால் இருக்கும் பயத்தை, ஹாஸ்டலில் நிம்மதி இல்லை என்று மாணவர் குறிக்கும் பதில்தான் முதலில் சொல்லும்.

● பி.ஜி. டாக்டர்களுக்கும் உண்டு

இரவு முழுக்க வார்டில் நிற்கும் பயிற்சி மருத்துவர்களுக்காக 2005-இல் ‘ஃபீம்’ வந்தது. 40 வாக்கியங்கள், மொத்தம் 160. பொறுப்பேற்கும் சுதந்திரம், கற்பித்தல், ஆதரவு என மூன்று பிரிவுகள். ஆபரேஷன் தியேட்டரில் அறுவை சிகிச்சை பழகுவோருக்கும் மயக்க மருந்து கொடுக்கப் பழகுவோருக்கும் தனித்தனி அளவுகோல்கள் இருக்கின்றன.

● பெயர் எழுதாத தாள்

இன்டர்னல் மார்க் ஆசிரியர் கையில் இருக்கும்போது, பெயர் எழுதிய தாளில் எந்த மாணவரும் உண்மையை எழுதத் துணியமாட்டார். ஆகவே விடைத்தாளில் பெயரோ பதிவு எண்ணோ கூடாது. பாடம் நடத்துபவரே தாளைச் சேகரிக்கவும் கூடாது. ஒருமுறை கேட்டு அலமாரியில் பூட்டுவதாலும் பயனில்லை. குறையைச் சரிசெய்தபின் அதே கேள்விகளை மறுபடி கேட்டால்தான் மாற்றம் தெரியும்.

● பெற்றோரே, இதையும் கேளுங்கள்

கவுன்சலிங்குக்கு முன் கல்லூரியைப் பார்க்கப் போகிறவர்கள் கட்டணத்தோடும் கட்டடத்தோடும் திரும்பிவிட வேண்டாம். மாணவர்களிடம் கடைசியாகக் கருத்துக் கேட்டது எப்போது, அதில் வந்த எந்தக் குறையைச் சரிசெய்தீர்கள் என்று கேளுங்கள். பதில் தரும் கல்லூரியை நம்பலாம். பயமில்லாமல் கேள்வி கேட்டுப் பழகிய மாணவரே, நாளை நோயாளியின் கேள்விக்கும் பொறுமையாகக் காதுகொடுப்பார். அந்த நோயாளி நாமாகவும் இருக்கலாம். அதனால் இந்த மதிப்பெண் நம் எல்லோர் வீட்டு விஷயம்.