உழுவது ஒருவர், பணம் இன்னொருவர் கணக்கில்!

திருவாரூர் பக்கம் எங்கள் பெரியப்பாவுக்கு மூன்று ஏக்கர் சாகுபடி. முப்பது வருஷமாக நடவும் அறுப்பும் அவர் பாடுதான். போன மாதம் ஊருக்குப் போனபோது, "கிசான் பணம் வந்துச்சா பெரியப்பா?" என்று கேட்டேன். "அது நெலத்துக்காரவுகளுக்குத்தான் தம்பி. நான் குத்தகைக்காரன்ல" என்றபடி வெற்றிலையை மடித்தார்.

பிரதமரின் கிசான் சம்மான் நிதி 2019 பிப்ரவரியில் தொடங்கியது. நான்கு மாதத்துக்கு ஒருமுறை 2,000 வீதம் வருஷத்துக்கு 6,000 ரூபாய், நேராக வங்கிக் கணக்குக்கு வரும். முதலில் ஐந்து ஏக்கருக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் என்றார்கள். சில மாதங்களிலேயே நிலம் வைத்திருக்கும் எல்லோருக்கும் என்று விரித்தார்கள். வருமான வரி கட்டுபவர், அரசு ஊழியர், டாக்டர், வக்கீல் போன்றவர்களுக்குக் கிடையாது. 2,000 ரூபாய் என்ன பெரிய பணம் என்று நகரத்தில் இருப்பவர்களுக்குத் தோன்றலாம். ஒரு மூட்டை டி.ஏ.பி. 1,350 ரூபாய், யூரியா 266 ரூபாய் சொச்சம். ஒரு தவணையில் டி.ஏ.பி. ஒன்று, யூரியா இரண்டு எடுத்துவிடலாம். நடவு நேரத்தில் அது பெரிய பணம்தான்.

ஆனால் இந்தப் பணம் ஏரைப் பார்த்து வருவதில்லை, பட்டாவைப் பார்த்து வருகிறது. 1.2.2019 அன்று நில ஆவணத்தில் யார் பெயர் இருந்தது என்பதுதான் கணக்கு. அதற்குப் பிறகு பெயர் மாறியிருந்தால், வாரிசாக வந்திருந்தால் மட்டுமே செல்லும். மாமனார் பெயரிலேயே பட்டா கிடக்க, கணவனை இழந்த பிறகும் தனியாளாகப் பயிர் வைக்கும் பெண்கள் டெல்டாவில் எத்தனையோ பேர். பெயர் மாற்ற அலைந்து முடிப்பதற்குள் இரண்டு போகம் போய்விடும்.

பெரியப்பா உழுவது கோயில் நிலம். பட்டா சாமி பெயரில். சாமிக்கு ஆதார் இல்லை, ஆகவே அந்த மூன்று ஏக்கருக்கு 6,000 யாருக்குமே இல்லை!

வேடிக்கை என்னவென்றால், 2020-ல் தமிழ்நாட்டில் இதே திட்டத்தில் நடந்த மோசடி. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் என்று பல மாவட்டங்களில், தகுதியில்லாத 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பட்டியலில் நுழைந்துவிட்டார்கள். சுமார் 110 கோடி ரூபாய் போனது. அதிகாரிகளின் பாஸ்வேர்டு இடைத்தரகர்கள் கைக்குப் போனதுதான் காரணம். சி.பி.சி.ஐ.டி. வழக்கு, கைது, பணம் திரும்ப வசூல் என்று மாதக்கணக்கில் ஓடியது. குழி நிலம்கூட இல்லாதவர் கம்ப்யூட்டர் சென்டர் வழியாக விவசாயி ஆக முடிந்தது. சேற்றில் நிற்பவரால் முடியவில்லை.

இத்தனைக்கும் பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரருக்கு இடம் இருக்கிறது. வி.ஏ.ஓ. கொடுக்கும் அடங்கலை வைத்து பிரீமியம் கட்டலாம். பிரீமியம் வாங்கும்போது விவசாயி. உதவித்தொகை என்று வந்தால் இல்லை.

வழி இல்லாமலும் இல்லை. ஒடிசா அரசு 2018 டிசம்பரில் அறிவித்த 'காலியா' திட்டத்தில் வாரத்துக்கு உழுபவர்களையும் சேர்த்தது. ஆந்திராவில் 2019-ல் குத்தகை விவசாயிகளுக்குத் தனி அட்டை கொடுக்கச் சட்டமே வந்தது. பதினொரு மாதத்துக்குத்தான் அட்டை. நில உரிமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எழுதியே வைத்தார்கள். அப்படியும் கையெழுத்துப் போடப் பல நிலக்காரர்கள் தயங்கினார்கள். இங்கேயும் அதே பயம்தான். 1955-லேயே குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1969-ல் குத்தகையைப் பதிவு செய்யும் சட்டம் என்று தமிழ்நாடு முன்னால்தான் நின்றது. ஆனால் பதிவு செய்தால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்று, பெரும்பாலான குத்தகை இன்றும் வாய்ப்பேச்சோடு நிற்கிறது. தனியார் நிலத்துக்காவது அந்தப் பயம் என்று ஒரு காரணம் இருக்கிறது. கோயில் நிலத்தில் யார் உழுகிறார்கள் என்பது குத்தகை வசூலிக்கிற கோயில் நிர்வாகத்துக்கே தெரியுமே! அந்தப் பட்டியலை எடுத்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

பெரியப்பா இந்தச் சம்பாவுக்கும் உரத்தைக் கடைக்காரரிடம் கடனுக்குத்தான் எடுத்திருக்கிறார். அறுப்பு முடிந்ததும் நெல்லாகக் கொடுத்துவிடுவதாகப் பேச்சு.