உண்ட கணக்கு

சேலம் நகருக்கு வடக்கே ஓங்கி நிற்பது சேர்வராயன் மலை. அதன்மேல் அமைந்த ஊர் ஏற்காடு. காப்பியும் மிளகும் ஆரஞ்சும் விளையும் இம்மலையில் மலையாளி என்னும் பழங்குடியினர் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். பெயர் அவ்வாறாயினும் அவர்கள் பேசுவது தமிழே. சாமையும் தினையும் கேழ்வரகும் அவர்தம் பழைய உணவுகள்.

இம்மலையூர் ஒன்றிற்கு உணவாராய்ச்சியாளர் ஒருவர் சென்று, ஒரு தாயை வினவுவதாகக் கொள்வோம். “அம்மா, நேற்று என்னென்ன உண்டீர்கள்?” என்பது வினா. “காலையில் களி, இரவில் சாமைச் சோறும் கீரையும்” என்பது விடை. அவள் பொய் கூறவில்லை. ஆயினும், வழியில் பறித்துத் தின்ற கொய்யாவும், சருக்கரையிட்ட காப்பியும், குழந்தை மிச்சம் வைத்த சோறும் அவள் நினைவுக்கு வரவில்லை. களி ஓர் உருண்டை என்கிறாள். அவ்வுருண்டையின் எடை வீட்டுக்கு வீடு வேறன்றோ? ஆரஞ்சு பழுக்கும் பருவத்தில் கேட்டால் ஒரு கணக்கும், பிற பருவத்தில் கேட்டால் வேறொரு கணக்கும் கிடைக்கும்.

இத்தகைய விடைகளைக் கொண்டே ஒரு நாட்டு மக்களுக்கு எச்சத்துக் குறைவு என்பது முடிவு செய்யப்படுகிறது. கணக்குப் பிழைத்தால் மருந்து ஓரிடத்தும் நோய் வேறிடத்தும் நிற்கும். ஆதலின் வினாவையே சோதிப்பது இன்றியமையாததாயிற்று.

உண்ணும் பொருளை உண்பதற்கு முன் துலாக்கோலில் நிறுத்தல் ஒரு முறை. அது திருத்தமானது, ஆனால், நிறுக்கும் ஒருவர் அடுப்பருகே அமர்ந்திருந்தால் அன்றைய சமையலே மாறிவிடுவதும் உண்டு! சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையினர் 222 உணவுகளைக் கொண்ட வினாப்பட்டியல் ஒன்றை அமைத்தனர். அதன் விடைகளை, ஓராண்டுக் காலத்தில் பலமுறை கேட்டறிந்த ஒருநாள் உணவுக் கணக்குகளுடன் ஒப்பிட்டு, 2006ஆம் ஆண்டில் முடிபுகளை வெளியிட்டனர். பருவ வேறுபாட்டை இம்முறை ஓரளவு ஈடுசெய்யும். எனினும் இரண்டு கணக்குகளும் பிறப்பது ஒரே நினைவிலிருந்துதான். மறந்த காப்பி இரண்டிலும் மறக்கப்படலாம்.

நினைவைச் சாராத சான்று உடலிலேயே உள்ளது. புரதத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 16 பங்கு நைட்ரஜன். உண்ட நைட்ரஜனில் ஐந்தில் நான்கு பங்களவு சிறுநீர் வழியே வெளியேறும். ஆகவே ஒருநாள் முழுவதும் சேர்த்த சிறுநீரைச் சோதித்தால், உண்ட புரதத்தின் அளவு புலப்படும். உடல் செலவிடும் கலோரியை அறிய, எடை மிகுந்த ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த நீரைப் பருகச் செய்வர். ஹைட்ரஜன் நீராக மட்டுமே வெளியேறும். ஆக்சிஜனோ நீராகவும் கரியமில வாயுவாகவும் வெளியேறும். இவ்விரண்டின் வேறுபாட்டால் கரியமில வாயுவின் அளவும், அதனால் கலோரிச் செலவும் தெரியவரும். 1955இல் லிஃப்சன் குழுவினர் எலிகளிடம் கண்ட இம்முறை, பின்னர் மக்களுக்கும் பயன்பட்டது. எடை மாறாதிருப்பவர் செலவிடும் அளவே உண்டிருத்தல் வேண்டும். இவ்வாறு சோதித்தபோது, மக்கள் பலர் தாம் உண்டதைக் குறைத்தே கூறுகின்றனர் என்பது வெளிப்பட்டது.

விடை முற்றும் மெய்யாயினும் இன்னுமொரு படி உண்டு. உண்ட பொருளைச் சத்துக் கணக்காக மாற்ற அட்டவணை வேண்டும். நீலகிரிக் குன்னூர் ஆய்வுக்கூடத்தின் தலைவராயிருந்த அய்க்ராய்ட் 1937இல் இந்திய உணவுகளுக்கு அத்தகைய அட்டவணையை வெளியிட்டார். அக்கூடம் 1958இல் ஐதராபாத்துக்கு மாறிற்று. பின்னர்க் கோபாலன் முதலியோர் தொகுத்து நெடுநாள் வழங்கிய அட்டவணையில், 100 கிராம் சாமைக்கு இரும்புச்சத்து 9.3 மில்லிகிராம். அந்நிறுவனமே 2017இல் வெளியிட்ட புதிய அட்டவணையில் அது 1.26 மில்லிகிராம். கேழ்வரகின் சுண்ணாம்புச்சத்தோ 344இலிருந்து 364 ஆக மட்டுமே மாறியது. பயிர்வகை, உமி நீக்கும் முறை, ஆய்வு முறை ஆகியவை இத்தகைய வேறுபாட்டுக்கு இடமளிக்கும். ஏற்காட்டுத் தாய் கூறிய விடை ஒன்றே. பானையில் வெந்த சாமையும் ஒன்றே. பழைய ஏட்டின்படி அதனால் அவள் பெற்ற இரும்புச்சத்து, புதிய ஏட்டின்படி பெற்றதைப்போல் ஏழு மடங்குக்கும் மேலாகும்.