கினி பிக் படுக்கை: துவைப்பது எளிது, காயவைப்பதுதான் பாடு

கூண்டில் மரத்தூளுக்குப் பதில் ஃபிலீஸ் துணி விரித்து கினி பிக் வளர்ப்பவர்கள் அந்தத் துணியைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அது சிறுநீரை உறிஞ்சாது என்பதுதான். ஃபிலீஸ் என்பது பாலியஸ்டர். ஈரத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் கீழே இறக்கிவிடும். வாங்கிக்கொள்வது அடியில் கிடக்கும் டர்க்கி டவல். மேலே தடவினால் உலர்ந்திருக்கும், அடியில் ஊறிப் போயிருக்கும். வாரக்கணக்கில் மாற்றாமல் விடுவது இந்த ஏமாற்றத்தால்தான்.

கினி பிக்கின் உள்ளங்காலில் ரோமம் கிடையாது. ஈரத்திலேயே நின்றால் தோல் சிவந்து, தடித்து, வெடித்துக் கிருமி புகும். முற்றினால் எலும்புவரை போகும். சிறுநீரிலிருந்து எழும் அமோனியா மூக்கையும் நுரையீரலையும் அரிக்கும். குனிந்து பார்க்கும் நமக்கு நாற்றம் எட்டும்போது, துணியிலேயே மூக்கை வைத்துத் தூங்கும் பிராணிக்கு அது எப்போதோ எட்டியிருக்கும். பின்பக்க ரோமம் நனைந்தே இருந்தால் ஈ முட்டையிடும், ஒரே நாளில் புழு வைத்துவிடும். படர்தாமரை கண்டால் அந்தத் துணி வழியாகவே வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒட்டும்.

கால் புண்ணைப் பார்த்ததும் வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலினைக் கரைத்துப் புகட்டிவிடாதீர்கள். பென்சிலின் வகை மருந்துகளை வாய்வழி கொடுத்தால் கினி பிக்கின் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் குலைந்து உயிரே போகலாம். அதிராம்பட்டினத்தில் இருப்பவர்கள் கால்நடை மருத்துவரிடம் காட்டப் பட்டுக்கோட்டைக்குப் போங்கள், இன்னும் தள்ளி ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. மாடு ஆடு பார்ப்பவர் எல்லோரும் கினி பிக் பார்த்துப் பழகியவர்கள் அல்லர் என்பதால் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு கிளம்புவது நல்லது. ஒரு நாள் தீனி எடுக்கவில்லை என்றால் விசாரணைக்கும் நேரமில்லை, அது அவசரம்.

இனி துவைப்பு. புழுக்கையைத் தினமும் கூட்டி எடுங்கள். துணியை மாற்றும்போது வைக்கோல், ரோமம் எல்லாவற்றையும் வெளியே உதறிவிட்டுத்தான் தண்ணீரில் போட வேண்டும். இல்லையென்றால் மெஷினின் ஃபில்டரும் குழாயும் அடைத்துக்கொள்ளும். தனி வாளி, தனி நடை. தொழுகைக்கு உடுத்தும் துணியோடும் குழந்தைத் துணியோடும் சேர்த்துப் போடக் கூடாது. சோப்புத்தூள் கொஞ்சம் போதும். துணியை மிருதுவாக்கும் வாசனைத் திரவம் வேண்டவே வேண்டாம். அது இழையின் மேல் பூச்சாகப் படிந்து, ஈரம் கீழே இறங்கும் வழியை அடைத்துவிடும். புதுத் துணியையும் சில தடவை துவைத்து, மேலே கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக உருண்டு நிற்காமல் கீழே இறங்கினால் விரிக்கலாம். சிறுநீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். காய்ந்த இடத்தில் வெள்ளையாகப் படிவது அதுதான். அலசும் தண்ணீரில் சிறிது வினிகர் சேர்த்தால் கரையும்.

அதிராம்பட்டினத்துக்கென்று ஒரு சிக்கல் தண்ணீரில் இருக்கிறது. போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் கடைசி அலசல் நல்ல தண்ணீரில்தான் இருக்க வேண்டும். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். உப்பளம் உள்ள ஊருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி கசிவதுபோல, பகலில் மொறமொறவென்று காய்ந்த துணி இரவில் பிசுபிசுத்துவிடும். கடலை ஒட்டிய தெருக்களில் கொடியில் கிடக்கும் துணியில் காற்றே உப்பைக் கொண்டுவந்து சேர்க்கும்.

சித்திரை, வைகாசி வெயிலில் ஃபிலீஸ் காய அதிக நேரம் பிடிக்காது. பாடு ஐப்பசி, கார்த்திகையில்தான். மார்கழி, தையில் பனி இறங்குமுன் துணியை உள்ளே எடுத்துவிட வேண்டும். ஒரு கூண்டுக்கு மூன்று செட் இருந்தால்தான் மழைக்காலம் ஓடும். டவலையும் ஃபிலீஸையும் தனித்தனியாகக் காயப்போடுங்கள். மெல்லிய ஃபிலீஸ் ஃபேன் காற்றிலேயே காய்ந்துவிடும், அடி டவல் காயாது. இரண்டையும் சேர்த்துத் தைத்த மெத்தை வகை பார்க்க அழகு. ஆனால் இந்த ஊருக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சவூதியிலிருந்தும் துபாயிலிருந்தும் பெட்டியில் வந்து அலமாரியில் தூங்கும் கனத்த போர்வையை வெட்டிப் போடலாமே என்று தோன்றும். அதை அடைமழையில் காயவைத்துப் பாருங்கள், தெரியும். காய்ந்ததா என்று சந்தேகமா? மடித்து ஒரு மணி நேரம் வைத்துவிட்டுப் பிரித்து முகருங்கள். முடை வீசினால் மறுபடி கொடிக்குத்தான். இஸ்திரி போட்டு அவசரமாக உலர்த்தினால் பாலியஸ்டர் உருகும்.

கிருமி போகட்டும் என்று பிளீச்சிங் பவுடர் போடுபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. பிளீச்சிங்கோடு வினிகர் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். சிறுநீர் ஊறிய துணியோடு சேர்ந்தால் குளோரமின். கதவு சாத்திய குளியலறையில் இரண்டுமே துவைப்பவரின் மூச்சைப் பிடிக்கும். ஃபினாயில் நெடி பிராணிக்கு ஆகாது. மாற்று செட்டுக்கு நடுவே அந்துருண்டை வைத்துப் பூட்டும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், அது நஞ்சு. வெளியே சலவைக்குக் கொடுத்தால், பிராணித் துணி என்று சொல்லிக் கொடுங்கள். சலவைக்காரர் கையும் தோல்தான், தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது? 2018ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகள் நாய், பூனையோடு கினி பிக்கையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கின்றன. விற்கும் கடை மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். சான்றிதழைக் கேட்டுப் பார்த்த பிறகு வாங்குங்கள். ஈரமும் நாற்றமுமாகக் கூண்டு கிடந்தால் அந்தக் கடையில் வாங்காமல் வருவதோடு, வாரியத்துக்கும் எழுதலாம். வளர்ப்பவருக்கும் பொறுப்பு உண்டு. 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, பிராணியைத் தேவையற்ற வேதனையிலிருந்து காப்பது அதை வைத்திருப்பவரின் கடமை என்கிறது. பிராணியை வதைத்தால் அதே சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி முதல் தடவை அபராதம் பத்து முதல் ஐம்பது ரூபாய். அறுபது ஆண்டு கடந்தும் அதே தொகை என்பது வெட்கக்கேடு.

"முழுக்க உறிஞ்சும்" என்று விளம்பரம் செய்து வெறும் பாலியஸ்டரை அனுப்பிவிட்டு, திருப்பி எடுக்க மறுக்கிறார்களா? 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் சொல்லுங்கள். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி விற்றவர் டெல்லியில் இருந்தாலும், வாங்கியவர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது தஞ்சாவூரிலேயே, வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணம் இல்லை. கெடு 2 ஆண்டு. கடை ரசீதின் எழுத்து அதற்குள் மங்கிவிடும்; வாங்கிய அன்றே போட்டோ எடுத்து, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டோடு சேர்த்து வையுங்கள்.